என் மாமியாரின் கண்ணில் எண்ணெய் இருப்பது குறித்து

பெயர்: டெனிஸ் லுப்வாமா. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற எரியாசாஃப் லுப்வாமா. வயது: 28. தொழில்: கண் மருத்துவமனையில் கருவிகள் பழுதுபார்ப்பவர். முகவரி: ஆறாம் எண் வீடு, சந்தைக்குப் பின்புற வரிசை, நியெண்டோ, மசாக்கா. நாள்: 2025 மார்ச் 20, வியாழக்கிழமை, காலை 9.40. எழுதுபவர்: தலைமைக் காவலர் அச்சான்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி ரெஸ்டியுடன் வசித்து வருகிறேன். என் மனைவியின் சித்தப்பா திரு. பெர்னார்ட் செங்குபுகே நேற்று என் மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் நான் என் மாமியார் எவாலின் நல்வெயிசோவின் கண்ணில் எண்ணெய் ஊற்றியதாகவும், அவரைப் பலகையில் குப்புறப் போட்டுக் கட்டி வைத்ததாகவும், கடந்த திங்கட்கிழமை பட்டப்பகலில் பலர் முன்னிலையில் அவரைத் தொட்டுத் தூக்கிச் சென்றதாகவும், தடுத்த தன்னைத் தள்ளியதாகவும் சொல்லியிருக்கிறார். கண்ணில் எண்ணெய் இருக்கிறது. குப்புறப் படுத்திருந்தார், கட்டும் இருந்தது. தூக்கியது நான்தான். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே கேட்காமல் எழுதினால் சீக்கிரம் முடியும், பதினோரு மணிக்கு அவருக்குச் சொட்டு மருந்து போட வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 53. சந்தையில் தலை பின்னும் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் இடது கண்ணில் விழித்திரை பிரிந்தது. பச்சிலைச் சாறு விட்டுப் பார்த்து, ஜெபம் செய்து பார்த்து, மருத்துவமனைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது, அந்தக் கண் போய்விட்டது. மிச்சம் வலது கண் ஒன்றுதான், அதற்கும் தடித்த கிட்டப்பார்வைக் கண்ணாடி. பிப்ரவரி 26 அன்று ஒரு பெண்ணுக்குத் தலை பின்னும்போது வகிடு கோணலாகப் போனது. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்து, "என்னக்கா, என் மண்டையில ரோடு போடறியா?" என்று சிரித்திருக்கிறாள். மாமியார் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ரெஸ்டியிடம் வந்து, "கீழயிருந்து ஒரு கறுப்புத் துணி ஏறிட்டு வருதுடி" என்று சொன்னார். ரெஸ்டி என்னிடம் சொன்ன அரை மணி நேரத்தில் இருவரையும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான் பின்னால் நடந்து போனேன்.

நடந்து போனதற்குக் காரணம், தலைமைக் காவலர் வடக்கிலிருந்து வந்தவர் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் புகாண்டா மக்களிடம் மருமகன் மாமியாரைத் தொடக்கூடாது, ஒரே வண்டியில் ஏறக்கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, நேருக்கு நேர் முகம் பார்க்கக்கூடாது. மீறினால் இருவரில் ஒருவருக்குக் கை நடுக்கம் வரும், அதற்கு ஒபுகோ என்று பெயர். நான் படித்தவன், நடுக்கம் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கல்யாணமான இரண்டு வருடத்தில் நான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்ததில்லை. காலஞ்சென்ற என் மாமனார் கடைசி மூன்று வருடம் கை நடுக்கத்தால் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தவர். மூன்று வருடமும் மாமியார்தான் ஊட்டினார். ஆகவே அந்த வீட்டில் இது வெறும் பேச்சு அல்ல.

அதன் பிறகு மார்ச் 3, திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. எண்ணெய் என்பதைச் சரியாக எழுதிக்கொள்ளவும். சிலிக்கான் எண்ணெய். சமையல் எண்ணெய் அல்ல, மந்திரித்த எண்ணெயும் அல்ல. அறுவை மருத்துவர் கண்ணுக்குள் செலுத்தியது, நான் அந்த இயந்திரத்தின் குழாயை மாற்றிக் கொடுத்தவன் மட்டும். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள். அது கிழிந்து, கிழிசல் வழியே நீர் புகுந்து உரிந்துவிட்டது. மருத்துவர் நீரை எடுத்து, தாளைச் சுவரில் படிய வைத்து, ஓரங்களை லேசர் கொண்டு ஒட்டி, அது மறுபடி உரியாமல் அழுத்திப் பிடிக்க உள்ளே எண்ணெய் நிரப்பினார். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். குப்புறப் படுத்தால் கண்ணின் பின்சுவர் மேலே வரும், எண்ணெயும் மேலே போய்ச் சுவரை அழுத்தும். மல்லாந்தால் எண்ணெய் கண்ணின் முன்பக்கத்துக்கு வந்து நீர் வடியும் வழியை அடைக்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், ஏறினால் பார்வை நரம்பு சாகும். அவருக்கு லென்ஸையும் எடுத்துவிட்டார்கள், ஆகவே முன்னே வர எண்ணெய்க்குத் தடையே இல்லை. ஒட்டியது பிடிக்கும்வரை பகல் இரவு குப்புறப் படுக்க வேண்டும், எண்ணெயை எடுக்கும்வரை ஒருநாளும் மல்லாக்கப் படுக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

அதன் பிறகு மருத்துவமனையில் கழித்துப்போட்ட ஒரு பரிசோதனைக் கட்டிலை, கிடங்குக்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து மாமியாரின் வீட்டில் போட்டேன். தலைப்பக்கம் முகம் புகும் அளவுக்கு ஓட்டை அறுத்தேன். மோட்டார் சைக்கிள் இருக்கை தைப்பவரிடம் பஞ்சு வாங்கி ஓட்டையைச் சுற்றி ஒட்டினேன். புகாரில் பலகை என்று சொல்லப்பட்டிருப்பது இதுதான். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடாமல் இருக்க ரெஸ்டி ஒரு துணிப்பட்டையில் பந்து வைத்துத் தைத்தாள். பந்து முதுகுப்பக்கம், முடிச்சு வயிற்றுப்பக்கம், மாமியாரின் கைக்கு எட்டும்படி. அவரேதான் கட்டிக்கொள்வார், அவரேதான் அவிழ்ப்பார்.

முதல் மூன்று நாள் ரெஸ்டி பார்த்துக்கொண்டாள். அவள் ஏழு மாத கர்ப்பிணி. மார்ச் 6 அன்று அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியதால் பிரசவ ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். குளிப்பாட்டவும் சாப்பாடு கொடுக்கவும் பக்கத்து வீட்டு ப்ராஸி அக்கா ஒப்புக்கொண்டார். ஆனால் சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை, ப்ராஸி அக்காவுக்கு வியாபாரம் இருக்கிறது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. உள்ளேயிருந்து மாமியார், "மாப்பிள்ளை, வெளியே மழை பெய்யுதே, நீங்க என்ன செடியா?" என்று கேட்டார். நான், "உள்ள வந்தா உங்க முகம்..." என்று இழுத்தேன். "என் மூஞ்சியத்தான் நீங்க ஓட்டைக்குள்ள சொருகி வச்சிருக்கீங்களே, எங்கேர்ந்து பாக்கப் போறீங்க? இருமிட்டு வாங்க" என்றார்.

அன்று முதல் அதுவே முறை ஆனது. நான் வாசலில் இருமுவேன், உள்ளே போவேன், மூன்றடி தள்ளி நிற்பேன். அவருக்கு ஓட்டை வழியாகத் தரையும் என் கால்களும் மட்டும் தெரியக்கூடும். அப்போது அதுவும் தெரியவில்லை, வெளிச்சமும் அசைவும் மட்டுமே தெரிந்தன. மருந்தை அவரே விட்டுக்கொள்ள ஒரு கம்பி வளைத்துக் கொடுத்தேன். அது நெற்றியிலும் கன்னத்திலும் பதியும், மருந்துப் புட்டி அதில் நிற்கும், அவர் தலையைச் சற்றுத் திருப்பி அழுத்தினால் சொட்டு விழும். முதல் நாள் மூன்று சொட்டு வீணாயின. "மாப்பிள்ளை, இது கண்ணுக்கா காதுக்கா? காது இப்ப ரொம்ப நல்லாத் தெரியுது" என்றார். நான் கம்பியை அரை விரற்கடை வளைத்தேன், பிறகு தவறவில்லை. பாலில்லாத தேநீரை உறிஞ்சு குழலில் குடித்தார். பொழுது போகாமல் விரல்கள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தன. ஆகவே அவர் கடையிலிருந்து செயற்கை முடிக் கொத்து ஒன்றைக் கொண்டு வந்து கட்டிலின் கீழ்க் கம்பியில் கட்டினேன். அவர் ஓட்டைக்கு இருபுறமும் கையைத் தொங்கவிட்டு, தடவித் தடவிப் பின்ன ஆரம்பித்தார். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார், சொன்னேன். எண்ணெய் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டார், சொன்னேன். ரெஸ்டி சின்ன வயதில் சோப்பைத் தின்றது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

மார்ச் 12, புதன்கிழமை, காலை மருந்துக்கு நான் உள்ளே போய் நின்றேன். மாமியார் மருந்தை விட்டுக்கொண்டார். பிறகு அவர், "மாப்பிள்ளை, இடது சாக்ஸ்ல பெருவிரல் எட்டிப் பாக்குது" என்றார். குனிந்து பார்த்தேன், உண்மைதான். நகத்தை வெட்டச் சொன்னார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ப்ராஸி அக்கா வந்து, "ஏன் அழற, ரெஸ்டிக்கு ஏதாவதா?" என்று கேட்டார். சாக்ஸ் கிழிந்துவிட்டது என்று சொன்னேன். லென்ஸை எடுத்து எண்ணெய் வைத்ததில் அவருடைய பழைய எண் பெருமளவு கழிந்துபோயிருக்க வேண்டும், கண்ணாடி இல்லாமலே இரண்டு முழத் தூரம் தெரிந்தது. இது மருத்துவக் கணக்கு. தேவையில்லை என்றால் எழுத வேண்டாம்.

மார்ச் 15, சனிக்கிழமை, நான் ரெஸ்டியைப் பார்க்கப் போனேன். கதவின் தாழ்ப்பாள் கெட்டுப்போனதால் வெளியே பூட்டிவிட்டு, சாவியை ப்ராஸி அக்காவிடம் கொடுத்தேன். அந்த நேரத்தில் திரு. செங்குபுகே அண்ணியைப் பார்க்கலாம் என்று கிராமத்திலிருந்து வாழைத்தாரோடு வந்திருக்கிறார். பூட்டிய கதவைத் திறக்க வைத்து உள்ளே பார்த்தால், அண்ணி குப்புறக் கிடக்கிறார், இடுப்பில் கட்டு, தலைமாட்டில் கம்பி, கட்டிலுக்கு அடியில் ஓட்டை வழியாக முழ நீளத்துக்குப் பின்னிய முடி தொங்குகிறது. கண்ணில் என்ன என்று கேட்டதற்கு ப்ராஸி அக்கா, "எண்ணெய்" என்று சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சூனியம் என்றுதான் நினைத்திருப்பேன். அவருக்கு முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை. சுவரில் ஆங்கிலக் குறிப்போடு படம் போட்டு ஒட்டியிருந்தேன், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவர் மாமியாரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நல்ல கட்டிலில், நல்ல தலையணையில், மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் முன்னால் பெண்பிள்ளை குப்புறக் கிடப்பதா? மாமியார் ஒரு தடவை, "டாக்டர் குப்புறப் படுக்கச் சொன்னாரு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். திரு. செங்குபுகே, "டாக்டர் சொன்னாரா அண்ணி, இல்ல அந்தப் பய சொன்னானா?" என்று கேட்டிருக்கிறார். தினமும் சொன்னது நான். அதைச் சொன்னால் மருமகனோடு ஒரே அறையில் பத்து நாள் பேசிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும், அதுவும் இருபது பேர் முன்னால். வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே போனேன். மாமியார் உள்ளே இருப்பதால் வீட்டுக்குள் போக முடியாது, பலாமரத்தடியில் நின்றேன். திரு. செங்குபுகே வந்தார். "மாமா, அவங்கள மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க" என்றேன். அவர், "எங்க அண்ணன் பொண்டாட்டி எப்படிப் படுக்கணும்னு நீ சொல்றியா? வெக்கமா இல்ல?" என்றார். "எண்ணெய் முன்னால வந்துடும் மாமா. சோடா பாட்டில்ல காத்து எங்க நிக்கும்? மேல! அது மாதிரி..." என்றேன். "அண்ணி சோடா பாட்டிலா?" என்றார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டைப் பார்த்து, "அத்தை, குப்புற!" என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து அவர், "போங்க மாப்பிள்ளை, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். நான் திரும்பிப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பிப் போனதுதான் இதில் உண்மையான குற்றம். அதைப் புகாரில் யாரும் எழுதவில்லை. எழுதிக்கொள்ளவும்.

மார்ச் 17, திங்கட்கிழமை, காலை பத்தே காலுக்கு ரெஸ்டி ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா பேசினா. ராத்திரியிலேர்ந்து வாந்தியாம். கண்ணு வெடிக்குதுங்கறா. நீ போய்த் தூக்கிட்டு வா."

"நான் எப்படிடி தூக்கறது?"

"கையாலதான். வேற எதால?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"கை நடுங்கிச்சுன்னா நான் ஊட்டி விடறேன். போ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பலாமரத்தடியில் நிற்கவில்லை. இருமவும் இல்லை. மாமியார் கட்டிலின் ஓரத்தில் புருவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண் தக்காளி நிறத்தில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். ரெஸ்டியின் முகம்தான். அவர் என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "கிட்ட வராதீங்க! கைய நெனச்சுப் பாருங்க, மாப்பிள்ளை!" என்றார். தலை பின்னிப் பிழைப்பவர், தன் விரலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "கண்ணு போனா விரல வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.  அவர் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கையை எடுத்துவிட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தூக்கினேன். நாங்கள் பழுதுபார்க்கும் காற்றழுத்த இயந்திரத்தைவிட எடை குறைவு. அவர் முகம் என் தோளில் குப்புறப் பதிந்திருந்தது. பத்து நாளாக நான் கேட்டதும் அதைத்தான்.

முற்றத்தில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரு. செங்குபுகே காருக்கு முன்னால் நின்று, "கை போயிடும்டா உனக்கு! எங்க அண்ணனப் பாத்தவன்டா நான்!" என்று கத்தினார். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அவரைத் தள்ளவில்லை. "மாமா, வழி விடுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை அவர் தானாக நகர்ந்தார். புகாரில் நான் தள்ளியதாக இருப்பது மட்டும் உண்மையல்ல. பின்னிருக்கையில் மாமியார் என் மடியிலிருந்த தலையணையில் முகம் பதித்துப் படுத்தார். நாற்பது நிமிடம். 

மருத்துவமனையில் கண் அழுத்தம் 54 இருந்தது. 21-க்குள் இருக்க வேண்டும். எண்ணெய் முன்பக்கம் வந்திருந்தது. அறுவையின்போது கருவிழிக்குப் பின்னுள்ள திரையின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை போட்டிருந்தார்கள், அது அடைத்துப்போயிருந்தது. மருத்துவர் மருந்து கொடுத்து, லேசரால் துளையைத் திறந்து, உடனே குப்புறப் படுக்க வைத்தார். அந்த லேசரை நான் ஜனவரியில் சரிசெய்தேன். சரியாக வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை அழுத்தம் 19, அன்றே ஓட்டைக் கட்டிலை வார்டுக்குக் கொண்டு வந்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கண் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவருடைய கடிதத்தை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

மாமியாரைத் தன் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று திரு. செங்குபுகே கேட்டிருப்பதாகத் தலைமைக் காவலர் சொன்னதற்கு, நான் சொல்வது: எண்ணெயை அப்படியே விட்டுவிட முடியாது, நாளானால் பொடிப்பொடியாக உடைந்து கண்ணைக் கெடுக்கும். எடுப்பதற்கு ஜூலை 14 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அவர் யார் வீட்டில் இருக்க விரும்பினாலும் எனக்குச் சம்மதம். மாமா வீடு என்றால் கட்டிலை நானே கொண்டுபோய் இறக்கி, பலாமரத்தடிவரை போய் நின்றுகொள்கிறேன். ஆனால் மல்லாக்கப் படுக்கக் கூடாது. வாந்தி வந்தால், கண் வலித்தால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், அந்த மணி நேரமே கூட்டி வர வேண்டும். இதை மாமாவிடம் எங்கள் மொழியான லுகாண்டாவில் எழுதிக் கொடுக்கிறேன், இந்தத் தடவை படம் மட்டும் போட்டு ஒட்டமாட்டேன். அவர் கெட்டவர் அல்ல. அண்ணனைப் பார்த்தவர்.

மாமியாரை விசாரிக்க வேண்டும் என்றால் வார்டுக்கு வரவும். அவரை எழுப்பி உட்கார வைக்க வேண்டாம். தலைமைக் காவலர் தரையில் உட்கார்ந்தால் அவருக்கு முகம் தெரியும், நன்றாகப் பேசுவார்.

கடைசியாக, இன்று காலை ஏழு மணி மருந்துக்குப் போனபோது நடந்தது. நான் வழக்கம்போல இருமினேன். அவர், "இனிமே என்னத்துக்கு இருமல்?" என்றார். பிறகு, "டெனிஸ், கையக் காட்டு" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் மண்டியிட்டு ஓட்டைக்குக் கீழே ஒரு கையை நீட்டினேன். "ரெண்டும்." நீட்டினேன். "விரல விரி." விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். "சுண்டுவிரல்ல என்ன வெட்டு?"

"கட்டில் அறுத்தப்ப, அத்தை."

"அது ஆறிப்போச்சு. பக்கத்துல புதுசா ஒண்ணு இருக்கே."

கார்க் கதவில் பட்டது என்று சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடுக்கம் இல்ல" என்றார். உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என் கைக்கு என்ன? அது அம்பத்தி மூணு வருஷம் வேல பாத்த கை. நான் உன் கைக்குத்தான் பயந்தேன். ஒருத்தருக்கு மூணு வருஷம் ஊட்டினேன், அது போதும். என் பொண்ணு ஊட்டக் கூடாது" என்றார். பிறகு, நாளைக் காலையும் வந்து கையைக் காட்டும்படி சொன்னார். ஜூலை 14 வரை தினமும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான்கு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். நான் பார்த்ததும் செய்ததும் இதில் இருக்கின்றன, பிறர் சொல்லிக் கேட்டதை அப்படியே சொல்லியிருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அவசரப்படுத்தியது நான்தான். கையெழுத்து சற்றுக் கோணலாக இருப்பது இந்த மேசையின் ஒரு கால் குட்டையாக இருப்பதால். கை ஆடவில்லை, தலைமைக் காவலரும் பார்த்தார்.

(ஒப்பம்) டெனிஸ் லுப்வாமா
காலை 10.46

எனக்கு முன்பாகச் சொல்லப்பட்டு என்னால் எழுதப்பட்டது. மேசைக் கால் குறித்து அவர் சொன்னது சரி.
(ஒப்பம்) அச்சான், தலைமைக் காவலர்